மூன்றாவது முறையும் நெயில் பாலிஷ் வாசனை: எங்கே கோட்டை விடுகிறேன்?

கராஜ்பானை | மெல்பர்ன் | ஜனவரி 18

வணக்கம். வீட்டில் பியர் செய்பவர்களின் இந்தக் குழுவை ஒரு வருடமாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன், இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டப்பாவை வாங்கிக் கரைத்துப் போட்டதெல்லாம் போன வருடம். நவம்பரிலிருந்து முழுத் தானியத்தில் இறங்கிவிட்டேன், துணிப்பை முறையில்: மால்ட் தானியத்தைப் பையில் கட்டிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நானே சாறு எடுப்பது. எல்லாம் கைவேலை. ஒரு உணவகம் கடையைக் காலி செய்தபோது 40 டாலருக்குக் கிடைத்த 50 லிட்டர் அலுமினிய பிரியாணி அண்டா. அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே துளை போட்டு, சிலிக்கோன் வாஷர் வைத்து, அரை அங்குலப் பந்து வால்வு மாட்டினேன். பையை அத்தை தைத்துக் கொடுத்தார். முதலில் அவருடைய பழைய பருத்தி வாயில் புடவையில் தைத்தார். அது நனைந்ததும் ஊதி அடைத்துக்கொண்டது, சொட்டுக்கூட இறங்கவில்லை. பிறகு ஜன்னல் திரைக்குப் போடும் பாலியஸ்டர் வாயில் துணி வாங்கினோம். அது பிரமாதம். ஊறிய தானியம் பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும் என்பதால் கராஜ் உத்தரத்தில் ஒரு கப்பி. கொதித்த சாற்றை ஆறவைக்க, உள்ளே தண்ணீர் ஓடும் 15 மீட்டர் செம்புக் குழாய். மடிந்துவிடாமல் இருக்க உள்ளே உப்பை நிரப்பி, பெயிண்ட் டப்பாவைச் சுற்றி நானே வளைத்தது. அதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும்.

செய்முறை எளிமையானது: 4.5 கிலோ பேல் மால்ட், 300 கிராம் கிரிஸ்டல் மால்ட், காஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), யூஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட். கடைசியில் 20 லிட்டர் கிடைக்கும்.

பிரச்சினை: மூன்று முறையும் பாட்டிலைத் திறந்ததும் நெயில் பாலிஷ் வாசனை. பின்னாலேயே பழுத்த வாழைப்பழம். ஒன்றரை கிளாஸ் குடித்தால் மறுநாள் தலை இடிக்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கராஜுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா ஊறல் போட்டுவைத்திருக்கிறாய், போலீஸ் வராதா?" என்றார். பியர் நன்றாக இருந்தால் அதையாவது தாங்கிக்கொள்ளலாம்.

---

செம்புச்சுருள் | சிட்னி | ஜனவரி 18

அண்டாவும் கப்பியும் அருமை. படம் போடுங்கள்.

எனக்கென்னவோ தண்ணீர்தான் என்று தோன்றுகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மால்ட்டோடு சேர்ந்தால் மோசமான வாசனை வரும். அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் மொத்தத் தண்ணீருக்கும் போதும். இரண்டாவது, அலுமினியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறுங்கள். இப்போது பம்ப்போடு, தானாகச் சூடு பிடித்து நிற்கிற மின்சார அண்டாக்கள் 500, 600 டாலருக்கே வருகின்றன. நான் மாறினேன், மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கிறது.

---

பேஸ்மண்ட்பீப்பா | டொராண்டோ | ஜனவரி 19

தம்பி, அந்த 600 டாலரைக் கொஞ்சம் பொறுத்துச் செலவழியும்.

குளோரின் செய்கிற வேலை வேறு. அது ஆஸ்பத்திரி மணம், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரின் மணம். நெயில் பாலிஷுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அலுமினியமும் காரணமில்லை. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உள்ளே மங்கலாக ஒரு படலம் பிடிக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் விட்டால் சரி. என்னுடைய முதல் பத்து வருடமும் அலுமினியச் சட்டிதான்.

எங்களுக்கு நாலு எண் வேணும். தானியத்தை என்ன சூட்டில் ஊறவைத்தனீர்? ஈஸ்ட் போடும்போது என்ன சூடு? முதல் மூன்று நாள் எங்கே, என்ன சூட்டில் வைத்தனீர்? ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று அடர்த்தியை வைத்துச் சொல்வது) முதலில் என்ன காட்டியது, கடைசியில் என்ன காட்டியது?

---

கராஜ்பானை | மெல்பர்ன் | ஜனவரி 19

நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், அண்ணா.

மேஷ் (தானியத்தை ஊறவைத்தது) 66 டிகிரி, 60 நிமிடம், அண்டாவைச் சுற்றிப் பழைய ஸ்லீப்பிங் பேக். ஈஸ்ட் போட்டது 27-இல். செம்புச் சுருளில் எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. பிறகு கராஜில் நிழலான மூலையில் வைத்தேன். அங்கே 24-க்கு மேல் போனதில்லை, நானே அளந்தேன். ஹைட்ரோமீட்டர் 1.050-இல் ஆரம்பித்து 1.018-இல் நின்றுவிட்டது. மூன்று முறையும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

---

நொதித்தோழி | பெர்த் | ஜனவரி 20

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

வாசனையிலிருந்து ஆரம்பிப்போம். நெயில் பாலிஷ் என்றால் எத்தில் அசிட்டேட், வாழைப்பழம் என்றால் ஐசோஅமைல் அசிட்டேட். இரண்டும் எஸ்டர்கள், ஈஸ்ட் உண்டாக்கும் வாசனைப் பொருள்கள். ஈஸ்ட் அதிகச் சூட்டில் அவசர அவசரமாகப் பெருகும்போது இவற்றை அள்ளிக் கொட்டும். கூடவே கனமான ஆல்கஹால்களும் உருவாகும். உங்கள் தலையிடிக்கு அவைதான் காரணமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இட்லி மாவை வெளியே வைத்தால் என்ன ஆகும், மார்கழியில் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேளுங்கள். அதே சங்கதிதான்.

யூஎஸ்-05 பொதுவாகச் சாந்தமான பிள்ளை. 18, 20 டிகிரியில் விட்டால் சொல் பேச்சு கேட்கும். 27-இல் போட்டு 24-இல் வைத்தாலும் கொஞ்சம் பழ வாசனைதான் வர வேண்டும், நெயில் பாலிஷ் வரை போகாது. அதாவது உங்கள் பியர் நீங்கள் எழுதிவைத்ததைவிடச் சூடாக இருந்திருக்கிறது.

அடுத்தது அந்த 1.018. மேஷில் இரண்டு நொதிகள் (என்சைம்கள்) வேலை செய்கின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 வரை சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக வெட்டித் தரும். 70-ஐ நெருங்கினால் அது செத்துக்கொண்டே போகும், ஆல்ஃபா அமைலேஸ் மட்டும் மிஞ்சும். அது கண்டபடி வெட்டும், ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகள் நிறையத் தங்கிவிடும். 66-இல் ஊறவைத்த இந்தச் செய்முறை 1.010, 1.012-க்கு இறங்க வேண்டும். 1.018-இல் நிற்கிறது என்றால் 70-க்குப் பக்கத்தில் ஊறியிருக்கிறது.

ஒரே பியரில் இரண்டு இடத்திலும் சூடு அதிகம். இரண்டையும் அளந்தது ஒரே தெர்மாமீட்டர்தானே? ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து அதை உள்ளே விட்டுப் பாருங்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரிலும்.

---

எட்டிப்பார்ப்பவன் | சென்னை | ஜனவரி 20

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் வீட்டில் செய்து குடித்தால் கண் போய்விடாதா? கள்ளக்குறிச்சிச் செய்தியெல்லாம் பார்த்தபிறகு பயமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, சென்னையில் மாடியில் வைத்து ஒரு பத்து லிட்டர் முயற்சி செய்யலாமா? பார்லி இங்கே கிடைக்கிறது.

---

நொதித்தோழி | பெர்த் | ஜனவரி 20

பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி வந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது சாராயத்தில் கலந்த மெத்தனாலால். ஆலைகளுக்கான சரக்கு அது, யாரோ கொண்டுவந்து கலந்தது. பார்லியை ஊறவைத்து ஈஸ்ட் போட்டால் அந்த அளவுக்கு மெத்தனால் உருவாகவே வழியில்லை. பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து துளி வரும், பார்லியில் அதுவும் இல்லாததுபோலத்தான். பியரை நாம் காய்ச்சி வடிப்பதும் இல்லை. வடிப்பது வேறு சட்டம், வேறு ஆபத்து. இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்: செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், பத்து லிட்டராக இருந்தாலும்.

---

பேஸ்மண்ட்பீப்பா | டொராண்டோ | ஜனவரி 21

ஓம், அதில் விளையாட்டு வேண்டாம். அமெரிக்காவிலேயே 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுப் பியருக்கு மத்தியச் சட்டம் வழிவிட்டது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் எப்போதும் சிரிப்பாக இருக்கும். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலே சமைத்த கள்ளுக்கு 'இல்லடு கள்' என்றே பேர் இருக்கு. செய்முறையும் இருக்கு: அரிசிக் கூழை அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விளைந்த பிறகு பிழிவது. நல்லடை என்பது முளைகட்டிய நெல் அடை என்று உரை சொல்லும். முளைகட்டிய தானியம், ஆறவைத்தல், சாடி. கராஜ்பானையார் செய்வதும் அதுதானே? அவர்கள் ஆறவிட்ட பிறகுதான் அடையைக் கலந்திருக்கிறார்கள் என்பதையும் கவனியும்.

எங்கட ஊரில் பனங்கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் பாக்கெட் வாங்குவதில்லை. காற்றிலும் கள் இறக்கும் முட்டியிலும் இருக்கிறதே போதும், காலையில் இறக்கியது மத்தியானத்துக்குள் கடுத்துவிடும். புளிக்கக் கூடாதென்றால் முட்டியில் சுண்ணாம்பு தடவிக் கருப்பநீராக (பதநீர்) இறக்குவார்கள். பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்குகிற சரக்கு அது. பியருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

---

கராஜ்பானை | மெல்பர்ன் | ஜனவரி 21

நொதித்தோழி அக்கா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஐஸ் தண்ணீரில் மைனஸ் 4 காட்டுகிறது. கொதிக்கிற தண்ணீரில் 96. நம்பாமல் மூன்று முறை செய்தேன். மாமனாரின் காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஒப்பிட்டேன். அங்கேயும் அதே 4 டிகிரி குறைவு.

ஆக, 66 என்று நினைத்தது 70. 27 என்று ஈஸ்ட் போட்டது 31. 24 என்று நிம்மதியாக இருந்த நிழல் மூலை 28. வாங்கும்போது அது 9 டாலர். அண்டா, வால்வு, செம்பு, கப்பி என்று 300 டாலருக்கு மேல் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் இந்த 9 டாலர் சொன்னதை நம்பி நடத்தியிருக்கிறேன்.

---

நொதித்தோழி | பெர்த் | ஜனவரி 21

28 அறையின் சூடு. உள்ளே இன்னும் மோசம். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். 20 லிட்டரில் உச்சக்கட்டத்தில் மூன்று நான்கு டிகிரி கூடுவது சாதாரணம். உங்கள் ஈஸ்ட் 32-க்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. இனி சுவரில் அளக்காமல் பாத்திரத்தின் மேல் ஒட்டி அளக்க வேண்டும்.

புதுத் தெர்மாமீட்டர் வாங்குங்கள், அதையும் ஐஸில் சோதியுங்கள். ஆனால் அளவு சரியானால் மட்டும் மெல்பர்னின் ஜனவரிக் கோடை குளிர்ந்துவிடாது. சூட்டைக் குறைக்க வழி பார்க்க வேண்டும்.

---

செம்புச்சுருள் | சிட்னி | ஜனவரி 22

தண்ணீர் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆறவைக்க என்னிடம் வழி இருக்கிறது. இரண்டாவதாக ஒரு செம்புச் சுருள் செய்து ஐஸ் வாளிக்குள் போட்டு, அதன் வழியாகக் குழாய்த் தண்ணீரை அனுப்பி, அங்கிருந்து முதல் சுருளுக்கு விடுங்கள்.

---

நொதித்தோழி | பெர்த் | ஜனவரி 22

செம்பின் மேல் உங்களுக்கு அப்படி என்ன காதல்! வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தோட்டக் குழாய்த் தண்ணீரே கோடையில் 23, 24 இருக்கும்போது ஒற்றைச் சுருள் அதற்குக் கீழே கொண்டுபோகாது. இரட்டைச் சுருளுக்கு ஐஸும் நிறையத் தண்ணீரும் போகும். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த இந்த நாட்டில் வேறு வழியே பழக்கமாகிவிட்டது: ஆறவைக்காமலே விடுவது.

20 லிட்டர் தடித்த வெள்ளைக் கேன் வாங்குங்கள். எச்டிபிஈ பிளாஸ்டிக்காக, உணவுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடத்தில், கொதி சூட்டோடு வோர்ட்டை (ஈஸ்ட் போடாத இனிப்புச் சாறு) வால்விலிருந்து நேராக அதில் இறக்குங்கள். கேனை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். பிறகு சாய்த்துப் போட்டுப் புரட்டுங்கள், மூடியும் கைப்பிடியும் அந்தச் சூட்டில் சுத்தமாகிவிடும். கையுறை கட்டாயம். மறுநாள் ஆறியதும் ஈஸ்ட். மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு, நான் வைக்க மாட்டேன். கொதிக்கவைத்தாலும் சாகாத பாட்டுலிசம் (கொடிய உணவு நஞ்சு) கிருமியின் வித்துக்கு, காற்றும் போதிய புளிப்பும் இல்லாத இடம் சொர்க்கம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.

ஒரு திருத்தம்: வோர்ட் பல மணி நேரம் சூடாகவே இருப்பதால் ஹாப்ஸின் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். கடைசிப் பத்து நிமிட ஹாப்ஸை அண்டாவில் போடாமல் கேனில் போடுங்கள்.

---

மாடிப்புளிப்பு | சிங்கப்பூர் | ஜனவரி 22

சூட்டோடு சண்டை போடாமல் சமாதானமாகப் போக ஒரு வழி: வோஸ் க்வெய்க் ஈஸ்ட். நோர்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்துக் காப்பாற்றி வந்தது. 35 டிகிரியில் போட்டாலும் முகம் சுளிக்காது. கொஞ்சம் ஆரஞ்சு வாசனை தரும், மூன்று நாலு நாளில் வேலையை முடித்துவிடும். நான் புளோக் வீட்டில் பம்பரம் மாதிரி ஃபிரிட்ஜ் தேடி அலையாமல் இதில்தான் காலத்தை ஓட்டுகிறேன். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான் அனுமதி, அதற்கு இது தாராளம்.

---

பேஸ்மண்ட்பீப்பா | டொராண்டோ | ஜனவரி 22

க்வெய்க் நல்ல ஈஸ்ட்தான், மறுக்கேல்ல. ஆனால் எல்லாப் பியரிலும் அந்தத் தோடம்பழ மணம் வந்தால் ஒரு மாதத்தில் அலுத்துப் போகும். தம்பிக்குத் தேவை ஒரு பழைய ஃபிரிட்ஜ். எனக்கு நிலத்தடி அறை வருடம் முழுக்க 18-இல் நிற்கிறது, கடவுள் தந்த கொடை. உமக்கு அது இல்லை.

---

நொதித்தோழி | பெர்த் | ஜனவரி 22

ஆமாம், ஃபிரிட்ஜ்தான். இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த சாமான்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். அண்டா எதுவானாலும் சர்க்கரைத் தண்ணீர்தான் தரும். பியராவது அதற்குப் பிறகுதான்.

ஃப்ரீசர் மேலே தனியாக இருக்கிற, கீழ்த் தட்டுகளைக் கழற்றினால் ஃபெர்மென்ட்டர் (நொதிக்கவைக்கும் பாத்திரம்) நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒன்றைத் தேடுங்கள். டேப்போடு போய் அளந்துவிட்டு வாங்குங்கள். அதன் பிளக்கை ஒரு சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகுங்கள். இங்க்பர்ட் ஐடிசி-308 போன்றதில் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு சாக்கெட் இருக்கும். குளிர் சாக்கெட்டில் ஃபிரிட்ஜ், சூடு சாக்கெட்டில் மெல்பர்னின் ஜூலைக் குளிருக்காக ஒரு சிறிய வெப்பப் பட்டை. கம்ப்ரெசர் அடிக்கடி அணைந்து எரியாமல் இருக்க மூன்று முதல் ஐந்து நிமிடத் தாமதம் வையுங்கள். சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிடாதீர்கள். ஃபெர்மென்ட்டரின் பக்கவாட்டில் வைத்து, மேலே தடித்த ஸ்பாஞ்சு வைத்து டேப் ஒட்டுங்கள்.

இதைவிட மலிவாகத் தனிச் சர்க்யூட் வாங்கி நாமே வயர் இணைக்கிற வகையும் உண்டு. 240 வோல்ட், பக்கத்தில் ஈரம், நமக்கு உரிமம் கிடையாது. வேண்டாம். அப்புறம் ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள். பலவற்றில் வாயுக் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. சென்சார் வயரைக் கதவு ரப்பர் வழியாகவே விடலாம்.

ஃபிரிட்ஜ் கிடைக்கும்வரை: அகன்ற தொட்டியில் தண்ணீர், அதில் ஃபெர்மென்ட்டர், மேலே ஈரப் பனியன், எதிரே மின்விசிறி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று. மண்பானைத் தத்துவம்தான்.

---

செம்புச்சுருள் | சிட்னி | ஜனவரி 23

சரி, சரி. நானே ஒரு பழைய ஃபிரிட்ஜ் தேட ஆரம்பித்துவிட்டேன்.

கராஜ்பானை, ஒரு எச்சரிக்கை. 1.018-இல் நின்றதை பாட்டிலில் அடைத்திருக்கிறீர்கள். நுரைக்காக ஒவ்வொரு பாட்டிலுக்கும் போட்ட சர்க்கரை எவ்வளவு? ஆரம்பத்தில் நான் ஸ்பூனில் குத்துமதிப்பாகப் போட்டேன், நொதித்து முடிந்ததா என்றும் பார்க்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்குச் சமையலறை அலமாரியில் தீபாவளி. ஒன்று வெடித்து, பக்கத்தில் இருந்த நாலும் சேர்ந்து போயின. கண்ணாடிச் சில்லு அரிசி டின் வரைக்கும். அந்த அரிசியைக் கொட்டும்போது வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

---

கராஜ்பானை | மெல்பர்ன் | ஜனவரி 23

மொத்தமாக 120 கிராம் சர்க்கரையைக் கரைத்து 20 லிட்டருக்கும் கலந்தேன், லிட்டருக்கு 6 கிராம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் ஒரே எண் காட்டிய பிறகுதான் அடைத்தேன். இருந்தாலும் உங்கள் கதையைப் படித்ததும் பாட்டில்களைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நகர்த்திவிட்டேன்.

---

கராஜ்பானை | மெல்பர்ன் | மார்ச் 14

ஏழு வாரம் கழித்து வருகிறேன். திட்டாதீர்கள்.

ஃபிரிட்ஜ் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இலவசமாகக் கிடைத்தது, தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். அளக்காமல் தூக்கி வந்தேன். காய்கறிப் பெட்டிக்குப் பின்னால் கம்ப்ரெசருக்காக ஒரு திண்ணை இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மரப் பலகையில் முக்காலி மாதிரி ஒன்று செய்து மட்டப்படுத்தினேன். டேப்போடு போகச் சொன்னது இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது.

அதே செய்முறை, ஒன்றையும் மாற்றவில்லை. புதுத் தெர்மாமீட்டர் ஐஸில் 0.2 காட்டியது. மேஷ் நிஜமான 66. கொதித்ததை வெள்ளைக் கேனில் இறக்கி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் ஃபெர்மென்ட்டருக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் 18-க்கு வந்த பிறகு ஈஸ்ட். கட்டுப்பாட்டுக் கருவி 18, மூன்று நாள் கழித்து 20. பன்னிரண்டாம் நாள் 1.010. என் கணக்குப்படி 5.2 சதவீதம் வருகிறது.

போன வாரம் முதல் பாட்டில். மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தேன். நெயில் பாலிஷ் இல்லை, வாழைப்பழமும் இல்லை. காஸ்கேட்டின் எலுமிச்சைத் தோல் வாசனை இப்போதுதான் எனக்கே தெரிகிறது. மூன்று முறையும் அது உள்ளேதான் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் கலங்கல். மச்சான் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மூன்றாவதைக் கேட்டான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், பழைய மூன்றையும் செடிக்கு ஊற்றியவன்.

செம்புச் சுருள் கப்பிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. விற்க மனம் வரவில்லை.

இப்போது புதுத் தலைவலி: ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை. வினிகர் போட்டுத் துடைத்தேன், நாலு நாளில் திரும்ப வந்துவிட்டது. உள்ளே ஈரம் தேங்குகிறது என்று நினைக்கிறேன். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

---

நொதித்தோழி | பெர்த் | மார்ச் 14

ஃபேன் வை, கூடவே ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று. ரப்பரைப் பிளீச்சில் துடைத்துவிட்டு, ஒரு நாள் கதவைத் திறந்தே விடு. அம்மா ஊருக்குப் போய்விட்டாரா? அவருக்கு ஒரு வாய் கொடுத்தாயா இல்லையா?

---

கராஜ்பானை | மெல்பர்ன் | மார்ச் 15

கொடுத்தேன், அக்கா. முகர்ந்து பார்த்துவிட்டு, "கசக்குது, இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். மிச்சம் இருந்த தானியச் சக்கையைக் கேட்டு வாங்கிக் கோதுமை மாவோடு பிசைந்து அடை தட்டினார். அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது.